கதிரையைக் கழற்றினால் மட்டும் சரக்கு விமானம் ஆகாது

போன மாதம் என் அக்காவின் மகன் களுவாஞ்சிகுடியில் ஒரு பழைய வேன் வாங்கினான். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் பல வருடம் ஆள் ஏற்றி ஓடிய வேன். கதிரை உறைகள் கிழிந்து கிடந்தன, ஏசி வேலை செய்யவில்லை, ஆனால் எஞ்சினும் சட்டமும் உறுதியாக இருந்தன. கதிரைகளைக் கழற்றி, தரைக்குத் தகடு அடித்து, ரெஜிபோம் பெட்டிகளில் மீன் ஏற்றப் போகிறான். வேலையைப் பார்க்கப் போன என்னிடம் கேட்டான்: "மாமா, நீங்க வெளிநாட்டில ஏத்தி இறக்கின கார்கோ பிளேனும் இப்பிடித்தானே? கதிரையக் கழட்டினாச் சரிதானே?"

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் 11 வருடம் வேலை செய்தவன் நான். அவன் கேட்டது நல்ல கேள்வி. பாதி சரியான கேள்வியும்கூட. அன்று அந்த வேனின் அருகில் நின்றபடி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சரியான பாதி இதுதான். அவன் வாங்கிய வேனைப் போலவே, பயணிகளுக்குப் பழசாகிவிட்ட விமானத்தின் உடம்பு இன்னும் பழசாகியிருக்காது. நாம் பேசுவது உள்ளே இரண்டு நடைபாதை உள்ள அகலமான விமானங்களைப் பற்றி: போயிங் 767, 777, பழைய 747, எயார்பஸ் ஏ330 போன்றவை. பதினைந்து, இருபது வருடம் ஓடியதும் பயணிகள் நிறுவனங்கள் இவற்றை விட்டுவிடப் பார்க்கும். புதியவை எரிபொருள் குறைவாகக் குடிக்கின்றன. பயணிகளும் புதுக் கதிரை, புதுத் திரை, நல்ல கழிவறை எதிர்பார்க்கிறார்கள். பெட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை.

ஆனால் உடம்பின் வயதை வருடத்தால் மட்டும் அளப்பதில்லை. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் கடைசியில் முறிந்துவிடும் அல்லவா? விமானத்தின் உடலுக்கும் அதுதான் நடக்கிறது. மேலே ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள், உடல் நூலளவு விரிகிறது. இறங்கும்போது சுருங்குகிறது. ஒரு பறப்புக்கு ஒரு தரம். பக்கத்து ஊர்களுக்குப் பறக்கும் சின்ன விமானம் ஒரே நாளில் ஆறேழு தரம் விரிந்து சுருங்கும். பத்து மணி நேரம் ஒரே மூச்சில் பறக்கும் பெரிய விமானமோ ஒரு நாளில் ஒரு தரம் அல்லது இரண்டு தரம்தான். அதனால் இருபது வயதான நெடுந்தூர விமானத்தின் அலுமினிய உடலில் ஆயுள் நிறையவே மிச்சம் இருக்கும். மாற்றியபின் அது இன்னும் பதினைந்து, இருபது வருடம் உழைக்கலாம்.

பணக் கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. பயணிகள் விமானம் ஒரு நாளில் முடிந்தவரை கூடுதல் நேரம் வானத்தில் இருந்தால்தான் காசு. சரக்கு விமானங்கள், குறிப்பாகப் பொதி அனுப்பும் நிறுவனங்களின் விமானங்கள், இரவில் பறந்து பகலில் நிற்பது சாதாரணம். குறைவாகப் பறக்கும் வண்டிக்கு எரிபொருள் சிக்கனத்தைவிட வாங்கும் விலைதான் பெரிய விஷயம். தினமும் ஓடாத லொறியைக் கடன் எடுத்துப் புதிதாக வாங்குவாரா யாரும்? 2021 ஜனவரியில் அமேசான் நிறுவனம் வட அமெரிக்காவின் இரண்டு விமான நிறுவனங்களிடமிருந்து 11 பழைய 767-300 விமானங்களை வாங்கியது. எல்லாமே சரக்கு விமானமாக மாற்றுவதற்காகத்தான்.

சரி, இனி தவறான பாதிக்கு வருவோம்.

கதிரை, தலைக்கு மேலுள்ள பெட்டிகள், சமையல் பகுதி, கழிவறைகள், சுவர்ப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் உள்ளே நீண்ட வெறுங்குழாய் ஒன்று கிடைக்கும். அதற்குள் சரக்கை எப்படிக் கொண்டு போவீர்கள்? பயணிகளின் கதவு ஓர் ஆள் நுழைகிற அகலம்தான். விமானச் சரக்கை ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் போடுவதில்லை. பலட் என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தட்டில் அடுக்கி, வலை போட்டு இறுக்கி, தட்டோடு ஏற்றுவோம். வழக்கமான பெரிய பலட் 3.18 மீற்றர் நீளம், 2.44 மீற்றர் அகலம். ஊரில் ஒரு சின்ன அறையளவு. சரக்கோடு அதன் எடை 6.8 தொன் வரை போகலாம். இது போக வேண்டுமென்றால் சுவரில் புதுக் கதவு வேண்டும்.

இந்தக் கதவுதான் முழு வேலையின் உயிர். 767, ஏ330 ஆகியவற்றில் இடது பக்கம், இறக்கைக்கு முன்னால் வைக்கிறார்கள். 747, 777 ஆகியவற்றில் இறக்கைக்குப் பின்னால். 777இன் கதவு 3.7 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் கொண்டது. விமானத்தின் தோல் வெறும் மூடுதகடு இல்லை. அதுவும், அதன் உள்ளே வளையம் வளையமாகப் போகும் விலா எலும்புகளும், நீளவாக்கில் ஓடும் கம்பிகளும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. அவ்வளவு பெரிய ஓட்டையை வெட்டினால், அந்த இடத்தில் போய்க்கொண்டிருந்த விசைக்கு வேறு வழி காட்ட வேண்டும். வீட்டில் பாரம் தாங்கும் சுவரை உடைத்து வாசல் வைக்கும் மேசன் முதலில் மேலே லின்டல் போடுவார். இங்கே ஓட்டையின் நாலு பக்கமும் தடித்த சட்டங்கள் போட்டு, அதைச் சுற்றியுள்ள தோலையும் இரட்டிப்பாக்குகிறார்கள்.

வேறொரு விஷயத்தைச் சொன்னபோதுதான் மருமகன் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். உயரத்தில் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளும் விசை, சதுர மீற்றருக்குச் சுமார் 6 தொன். அந்தக் கதவின் பரப்பு 11 சதுர மீற்றர். அப்படியென்றால் அறுபது தொன்னுக்கு மேற்பட்ட விசை ஓயாமல் அந்தக் கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. பயணிகள் ஏறும் கதவுகள் பெரும்பாலும் அழுத்தம் கூடக்கூட நிலையோடு தானே இறுகும்படி செய்யப்பட்டவை. இந்தச் சரக்குக் கதவோ மேல்நோக்கி வெளியே திறக்கிறது. அதன் கீழ் விளிம்பில் இருக்கும் கொக்கிகளும் பூட்டுகளும்தான் எல்லாவற்றையும் பிடித்துவைக்க வேண்டும். 1974 மார்ச்சில் பாரிஸ் அருகே துருக்கி நிறுவனத்தின் டிசி-10 விமானம் விழுந்து 346 பேர் இறந்தார்கள். காரணம், சரியாகப் பூட்டுப்படாத ஒரு சரக்குக் கதவு. அது பயணிகள் விமானம், கதவும் அடிப்பகுதியில் இருந்தது. ஆனாலும் விமானக் கதவு செய்பவர்கள் எல்லோரும் அந்த நாளை நினைவில் வைத்துத்தான் வேலை செய்கிறார்கள்.

கதவுக்கு அடுத்தது தரை. 350 பேர் ஏறும் ஒரு 777ஐ எடுங்கள். ஆளுக்குப் பையோடு சேர்த்து நூறு கிலோ என்று வைத்தாலும் எல்லாம் சேர்ந்து 35 தொன்தான், அதுவும் நீளம் முழுக்கப் பரவியிருக்கும். அதே விமானம் சரக்குக்காரனாக மாறியபின் மேல்தளம், அடித்தளம் இரண்டிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 100 தொன் ஏற்றுகிறது. 50 கிலோ அரிசி மூடை என்றால் 2,000 மூடை. அம்பாறை வயல்களில் ஒரு போகம் அறுத்தவர்களுக்கு அது எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய தரைக் குறுக்குச் சட்டங்கள் அந்த அளவு பாரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றைப் பலப்படுத்துகிறார்கள், பல இடங்களில் முழுதாக மாற்றியும் விடுகிறார்கள். தரையின் கீழே ஓடும் வயர்களையும் குழாய்களையும் இடம் மாற்ற வேண்டிவரும். வெளியே தெரியாத இந்த வேலைக்குத்தான் நாள் பிடிக்கிறது.

தரையின் மேல் ரோலர்களும் லொக்குகளும் வரும். கதவருகே தரையில் எந்தப் பக்கமும் உருளும் இரும்புக் குண்டுகள் பதித்திருப்பார்கள். உள்ளே வரும் பலட்டை அங்கே வைத்துத் திருப்பி, நீளவாக்கில் போகும் ரோலரில் தள்ளுவோம். ஆறு தொன் பலட்டை மூன்று பேர் தள்ளி ஓடவிடலாம் என்றால் நேரில் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். இடத்தில் நின்றதும் தரையிலிருந்து லொக்கை நிமிர்த்தி அதன் விளிம்பைப் பிடிக்க வைக்க வேண்டும். ஒரு இரவு அவசரத்தில் எங்கள் குழு ஒரு லொக்கை நிமிர்த்தாமல் விட்டுவிட்டது. கடைசியாகச் சரிபார்க்க வந்த மேற்பார்வையாளர் கண்டுபிடித்து, பின்னால் ஏற்றிய இரண்டு பலட்டையும் இறக்க வைத்தார். விமானம் தாமதமானதால் திட்டும் வாங்கினோம். அவர் செய்தது எவ்வளவு சரி என்று எனக்கு 2013இல்தான் முழுதாக உறைத்தது. அந்த வருடம் ஏப்ரல் 29ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஒரு 747 புறப்பட்டது. பயணிகள் விமானமாக ஓடிச் சரக்குக்கு மாற்றப்பட்டது. உள்ளே ஐந்து கவச வாகனங்கள் இருந்தன. சரியாகக் கட்டப்படாத வாகனம் பின்னால் நகர்ந்து, விமானத்தின் வாற்பகுதிக் கட்டுப்பாட்டை உடைத்துவிட்டது. ஏழு பணியாளர்களும் இறந்தார்கள். விமானத்தை மாற்றியதில் பிழை இல்லை, கட்டியதில்தான் பிழை. அதன்பிறகு லொக் நிமிர்ந்திருக்கிறதா என்று காலால் ஒரு தரமும் கையால் ஒரு தரமும் தட்டிப் பார்க்காமல் நான் ஓர் இரவும் வெளியே வந்ததில்லை.

சரக்கு முன்னால் ஓடிவந்தால்? விமானிகள் அங்கேதானே இருக்கிறார்கள். அதற்காக விமானி அறைக்குப் பின்னால் உறுதியான ஒரு தடுப்புச் சுவர் வைக்கிறார்கள். ஈர்ப்பு விசையின் ஒன்பது மடங்கை அது தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன்னால் சில கதிரைகளும், ஒரு கழிவறையும், உணவு சூடாக்கும் சின்ன இடமும் மிச்சம் இருக்கும்.

நெருப்புக்கு என்ன செய்வது என்பது என்னை அதிகம் யோசிக்க வைத்த விஷயம். அவ்வளவு பெரிய மேல்தளம் முழுவதையும் மருந்து தூவி அணைக்க முடியாது. அதனால் வேறு வழி எடுத்திருக்கிறார்கள். புகையை உணரும் கருவிகள் எச்சரித்ததும் விமானிகள் ஒட்சிசன் முகமூடியைப் போட்டுக்கொண்டு, சரக்குத் தளத்துக்குப் போகும் காற்றை நிறுத்தி, உள்ளே உள்ள அழுத்தத்தையும் இறக்கிவிடுவார்கள். உயரத்தில் காற்று மெல்லியது, ஒட்சிசன் போதாமல் நெருப்பு அடங்கும். அதற்குள் அருகிலுள்ள ஓடுபாதைக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லா நெருப்புக்கும் இது போதாது. 2010 செப்டெம்பரில் துபாயில் ஒரு 747 சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகள் இறந்தார்கள். அதில் நிறைய லிதியம் மின்கலங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து பொதி அனுப்பும் நம் ஆட்கள் பவர் பேங்க்கைத் துணிக்குள் சுற்றி மறைத்து அனுப்ப வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

யன்னல்களைக் கழற்றி அந்த இடங்களில் அலுமினிய மூடி போடுவார்கள். தேவையில்லாத பயணிகள் கதவுகளைத் திறக்க முடியாதபடி அடைப்பார்கள். எல்லாம் முடிய மூன்று, நான்கு மாதம், சிலவேளை இன்னும் கூட ஆகும். அதற்கும் முன்னால் ஒரு பெரிய வேலை இருக்கிறது. நாம் வேனை லொறியாக்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு மாற்ற வேண்டும். விமானத்தில், அந்த மாற்றத்தின் முழு வடிவமைப்பையும் கணக்குப் போட்டு, சோதித்து, பறந்து காட்டி, அதிகாரிகளிடம் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். 777-300ஈஆர் விமானத்தை மாற்றும் திட்டத்தை இஸ்ரேலின் ஐஏஐ நிறுவனம் 2019இல் தொடங்கியது. சான்றிதழ் கைக்கு வந்தது 2025இல். ஆறு வருடம்! கதிரையைக் கழற்றுவது மட்டும்தான் வேலை என்றால் ஒரு கிழமையில் முடித்திருப்பார்கள்.

தூரம் என்பது தனிக் கதை. புறப்படும்போது விமானம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 777-300ஈஆருக்கு அது 351.5 தொன். வெறும் விமானத்தின் எடை, சரக்கு, எரிபொருள் மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். சரக்கு கூடினால் எரிபொருள் குறையும், தூரமும் குறையும். அதனால்தான் பயணிகளோடு 13,000 கிலோமீற்றருக்கு மேல் போகும் விமானம், நிறையச் சரக்கோடு 8,000 கிலோமீற்றருக்குச் சற்று மேலேதான் போகிறது. கட்டுநாயக்கவிலிருந்து ஜேர்மனியின் பிராங்போர்ட் வரை ஏறக்குறைய அந்தத் தூரம்தான். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்கு விமானங்கள் பல, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவதும் இதே காரணத்தால்தான். மாற்றிய 767 இன்னும் சின்னது. ஐம்பது தொன்னளவு ஏற்றி 6,000 கிலோமீற்றர் வரை போகும்.

எடையா, இடமா என்ற கேள்வியும் உண்டு. ஒரு லொறியில் அரிசி ஏற்றினால் பாதி உயரத்திலேயே எடை முடிந்துவிடும். செத்தல் மிளகாய் ஏற்றினால் கூரை முட்டினாலும் எடை மிச்சம் இருக்கும். இணையத்தில் வாங்கும் பொதிகள் செத்தல் மிளகாய் மாதிரி: பெட்டி பெரிது, உள்ளே காற்று. மாற்றிய 777-300ஈஆர் தொழிற்சாலையிலேயே சரக்குக்கென்று செய்த 777ஐவிடக் கூடுதல் எடை ஏற்றாது. ஆனால் உடல் நீளம் என்பதால் 37க்குப் பதில் 47 பலட் வைக்கலாம். இந்தக் காலத்துச் சரக்குக்கு அந்த இடம்தான் பொருத்தம்.

எல்லா விமானத்தையும் இப்படி மாற்ற முடியாது. ஏ380க்குப் பயணிகள் தளத்தின் மேல் இன்னொரு பயணிகள் தளம் இருப்பதே தடை. அவ்வளவு உயரத்துக்குச் சரக்கைத் தூக்க வேண்டும், இடம் நிரம்ப முன்னரே எடை எல்லையும் வந்துவிடும். 787, ஏ350 ஆகியவற்றின் உடல் பெரும்பகுதி கரிநார்க் கலவை. அலுமினியத்தை வெட்டி ஒட்டுப் போடும் பழகிய வித்தை அதற்குப் பொருந்தாது. 747ஐ மாற்றினால் பக்கக் கதவு கிடைக்கும், ஆனால் தொழிற்சாலைச் சரக்கு 747க்கு இருக்கும் மூக்குக் கதவு கிடைக்காது. நீண்ட குழாய்களை நேராக உள்ளே விட முடியாது. ஏ330இல் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது தரையில் நிற்கும்போது மூக்கு கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். தொழிற்சாலைச் சரக்கு ஏ330இல் முன் சக்கரத்தின் பொருத்தை மாற்றி மூக்கை உயர்த்தினார்கள், அதனால் அடியில் ஒரு புடைப்புத் தெரியும். ஜேர்மனியின் டிரெஸ்டனில் மாற்றும் ஏ330இல் அப்படிச் செய்யவில்லை. மின்சாரத்தில் ஓடும் உருளைகளே பலட்டை ஏற்றத்தில் தள்ளிவிடுகின்றன. அந்த வகையில் முதல் விமானம் 2017 டிசெம்பரில் டிஎச்எல் நிறுவனத்துக்குப் போனது.

"அப்ப நம்மட நண்டும் இதிலயா மாமா போகுது?" என்று மருமகன் கேட்டான். மட்டக்களப்பு வாவியில் பிடிக்கும் நண்டும் இறாலும் கூலர் லொறியில் இரவோடு இரவாக மேற்குக் கரைக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டு உயிர் நண்டுக்குச் சிங்கப்பூரில் நல்ல பெயர். கட்டுநாயக்கவிலிருந்து போகும் சரக்கில் பெரும்பங்கு பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் போகிறது. உலக அளவிலும் விமானச் சரக்கில் ஏறத்தாழப் பாதி அப்படித்தான் போகும். 2020இல் பயணிகள் விமானங்கள் நின்றபோது அந்த வயிறும் அதோடு நின்றது. அப்போது பல நிறுவனங்கள் ஆளில்லாமல் சரக்கை மட்டும் ஏற்றிப் பறந்தன. கதிரையின் மேலேயே பெட்டிகளைக் கட்டியவர்களும், கதிரையைக் கழற்றித் தரையில் அடுக்கியவர்களும் உண்டு. மருமகன் நினைத்தது சரியாக அதைத்தான். ஆனால் சின்னக் கதவால் ஒவ்வொரு பெட்டியாகக் கைமாற்றி ஏற்ற வேண்டியிருந்தது. ஆள்கூலியும் நேரமும் கட்டுப்படியாகவில்லை. அவசரத்துக்கு அது போதுமானதாக இருந்தது, தொழிலுக்குப் போதவில்லை. முறையாகச் சரக்குக்கு மாற்றிய விமானங்களைத் தேடி எல்லோரும் ஓடியது அதன் பிறகுதான்.

மட்டக்களப்பில் நம் புதூர் விமான நிலைய ஓடுபாதை இந்த அளவு விமானங்களுக்குப் போதாது, அதனால் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்க்க ஊரில் வழியில்லை. வெளிநாட்டு விமான நிலையங்களில் நிற்கும்போது பாருங்கள். தொழிற்சாலையிலேயே சரக்குக்கென்று செய்த 777இன் பக்கம் வழுவழுவென்று இருக்கும், யன்னலே இருக்காது. மாற்றியதில் யன்னல் இருந்த ஒவ்வொரு இடத்திலும் அடைத்த மூடியின் நீள்வட்டக் கோடு வரிசையாகத் தெரியும். வண்ணம் பூசியிருந்தாலும், வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் தெளிவாகவே தெரியும். நான் மருமகனுக்குப் போனில் வைத்திருந்த ஒரு படத்தைக் காட்டினேன். அவன் பெரிதாக்கி, முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.